அறுநூறு மணி நேரம்

பேச்சுத்துணைக்கு எங்கள் ஊரில் பன்னிரண்டு மணி நேரத்துக்கு எண்ணூறு ரூபாய். சாப்பாடு நம்முடையது, காபி இரண்டு வேளை. நோயாளி தூங்கிவிட்டாலும் முழுப் பணம். அப்பாவுக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டு, வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் என்று ஆனபோது ஆள் அனுப்புகிற ஏஜென்சிக்காரரோடு நான்தான் பேசினேன். பேசாமல் சும்மா உட்கார்ந்திருந்தால் எவ்வளவு என்று கேட்டேன். அந்தக் கேள்வியை அவரிடம் அதுவரை யாரும் கேட்டதில்லை போலிருக்கிறது, அறுநூற்றைம்பதுக்கு இறங்கினார். நாலு மணி நேரம் மட்டும் போதும் என்றேன். முந்நூறு என்றார். அந்த முந்நூறையும் மிச்சம் பிடிக்கலாமே என்று நானே போக ஆரம்பித்தேன். பொறுப்பான பிள்ளை என்று ஊரே சொன்னது. நான் மறுக்கவில்லை. தானாக வந்த பாராட்டைத் திருப்பி அனுப்பும் பழக்கம் எங்கள் குடும்பத்தில் கிடையாது.

எங்களுடையது காந்தி ரோட்டில் பட்டுக்கடை. வாசலில் ‘ஒரே விலை’ என்று பலகை தொங்கும். அந்தப் பலகையையே அப்பா பேரம் பேசித்தான் வாங்கினார்.

டயாலிசிஸ் ஒரு அறக்கட்டளை நடத்துகிற சின்ன ஆஸ்பத்திரியில். எட்டுப் படுக்கைகள், எட்டு இயந்திரங்கள். அப்பாவுக்கு ஐந்தாம் நம்பர், மின்விசிறிக்கு நேர் கீழே. வாசலில் ஒரு பதிவேடு இருக்கும். கூட வருகிறவர்கள் தேதி, படுக்கை எண், உறவு, வந்த நேரம், போன நேரம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். நான் எழுதுவேன்: ஐந்து, மகன், ஏழு மணி, பதினொரு மணி. நடுவில் இருக்கிற நாலு மணி நேரமும் அப்பா விட்டத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பார். ஐம்பது வருடம் வாடிக்கையாளர்களிடம் பேசியே தீர்த்துவிட்டார் அவர். எனக்கென்று மிச்சம் வைக்கவில்லை.

அதனால் நான் ஆறாம் படுக்கையோடு பேசினேன். அவர் பெயர் கலியன், திருப்புட்குழியில் ஒன்றரை ஏக்கர். இரண்டு பிள்ளைகளும் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கம்பெனியில் வேலை. பஸ் பிடித்துத் தனியாக வந்து, தனியாகப் போகிறவர். அவருடைய காப்பீட்டு அட்டையில் வயது தப்பாக விழுந்து, சிகிச்சையே நின்றுபோகும் நிலை வந்தது. நான் தாலுகா ஆபீசுக்கு நாலு நடை நடந்தேன். மூன்று மணி நேரம் அறுபது சேலையைப் பிரித்துக் காட்டி, ஒன்றும் வாங்காமல் போகிறவர்களைச் சிரித்து வழியனுப்பிப் பழகியவனுக்குத் தாலுகா ஆபீஸ் பெரிய விஷயமில்லை. ஐந்தாம் நடையில் வயது சரியாயிற்று. அதற்குப் பிறகு ஏழாம் நம்பருக்கு வருமானச் சான்றிதழ், மூன்றாம் நம்பருக்கு உதவித்தொகை மனு என்று ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தது.

பதினாலு மாதம் கழித்து, ஒரு பங்குனியில் அப்பா போனார். பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுவாரம், செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு நான் ஆஸ்பத்திரியில் இருந்தேன். அந்த நேரத்துக்கு எனக்கு வேறு போக்கிடம் தெரியவில்லை.

ஐந்தாம் படுக்கையில் கலியன் படுத்திருந்தார்.

“இன்னா தம்பி, அப்பாதான் போயிட்டாரே, நீ இன்னும் டூட்டிக்கு வந்துக்கினு இருக்கற?”

“நீங்க இன்னா இந்தப் பெட்டுக்கு வந்துட்டீங்க?”

“ஃபேனுக்கு அடியில இருக்குதுபா. ஒரு வருசமா இதும்மேல கண்ணு எனக்கு.” சொல்லிவிட்டு அவரே சங்கடப்பட்டு, “தப்பா எடுத்துக்காத” என்றார்.

தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. முக்காலியை அதே இடத்தில் போட்டு உட்கார்ந்தேன். செவ்வாயும் சனியும் போவது அப்படியே நிலைத்துவிட்டது.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பெயர் பிரேம்நாத், வயது முப்பத்து மூன்று, பி.காம். அம்மா இல்லை. அண்ணன் முத்துக்குமார் குடும்பத்தோடு ஓரிக்கையில் புது வீட்டில் இருக்கிறான். நான் கடைக்கு மேலே மாடியில். எனக்குப் பெண் பார்த்தார்கள், கடை யார் பெயரில் என்று பெண் வீட்டார் விசாரித்தார்கள், அதோடு நின்றது. காலை பத்து முதல், ஆஸ்பத்திரி நாளில் பதினொன்று முதல், இரவு எட்டு வரை ஓயாமல் பேசுவேன். எட்டு மணிக்கு ஷட்டர் இறங்கியதும் அன்றைய பேச்சு முடிந்தது. ஞாயிற்றுக்கிழமை என் குரல் எப்படி இருக்கும் என்று எனக்கே தெரியாது.

டயாலிசிஸ் பிரிவைப் பார்த்துக்கொள்பவர் ஜெயப்ரியா சிஸ்டர். என்னைவிட நாலைந்து வயது சின்னவர். ஒரு நாள் ஊசி மருந்துக் குப்பியை உடைத்துக்கொண்டே சொன்னார்:

“அண்ணா, நீங்க பண்ற வேலைக்கு மெட்ராஸ் ஆஸ்பத்திரிங்கள்ல சம்பளம் குடுத்து ஆள் வெச்சிருக்காங்க, தெரியுமா? மெடிக்கல் சோஷியல் ஒர்க்கர். எம்.எஸ்.டபிள்யூ முடிச்சிருக்கணும்.”

“சம்பளம் எவ்ளோ சிஸ்டர்?”

“பாருங்க, மொதல்ல அதைக் கேக்குறீங்க. நீங்கல்லாம் திருந்தவே மாட்டீங்க.”

சிரித்துவிட்டு வந்துவிட்டேன். ஆனால் அன்றைக்கு எட்டு மணிக்குப் பிறகு அதைப் பற்றி நினைக்க முடிந்தது. நினைக்க ஏதோ ஒன்று கிடைத்ததே பெரிய வரவு. சென்னைக் கல்லூரி ஒன்றின் விண்ணப்பத்தை இறக்கினேன். அண்ணனிடம் சொன்னேன்.

“ரெண்டு வருசம் ஃபீஸ் கட்டி, இப்ப சும்மா செஞ்சிக்கினு இருக்கறதை எப்படிச் செய்யறதுன்னு கத்துக்கப் போற?”

“ஆமா.”

“அப்போ வாங்கறவன் நீதான்டா. ஃபீஸையாவது கொறச்சிக் கேளு.”

விண்ணப்பத்தோடு ஒரு கட்டுரை கேட்டிருந்தார்கள்: நீங்கள் ஏன் சமூகப்பணி படிக்க விரும்புகிறீர்கள், ஐந்நூறு வார்த்தைக்குள். முதலில் எழுதியதைப் படித்துப் பார்த்தேன். தீபாவளி நோட்டீஸ் மாதிரி இருந்தது. மக்கள் சேவையில் நம்பிக்கை, நாணயம், தரம். கிழித்தேன். இரண்டாவது, இரங்கல் செய்தி மாதிரி வந்தது. மூன்றாவதில் கலியனின் அட்டைக்கு நடந்த ஐந்து நடையையும், எந்த மேஜையில் யார் என்ன சொன்னார்கள் என்பதையும் அப்படியே எழுதினேன். அதில் ‘சேவை’ என்ற வார்த்தையே வரவில்லை. அதை அனுப்பினேன்.

அடுத்து குழு விவாதம். எட்டுப் பேரை வட்டமாக உட்காரவைத்து ஒரு தலைப்பைக் கொடுப்பார்களாம். பழகிப் பார்க்க எனக்கு எட்டுப் பேர் எங்கே? மதியம் மூன்று மணிக்குக் கடையில் ஈ ஓட்டுகிற நேரம், மாடிப் பகுதியில் சேலை கட்டி நிற்கிற ஐந்து பொம்மைகளை வட்டமாகத் திருப்பி வைத்தேன். முதியோர் பராமரிப்பு யார் கடமை என்று பேசினேன். ஐவரும் கவனமாகக் கேட்டார்கள். யாரும் குறுக்கிடவில்லை. அரக்குச் சேலைக்காரியை மட்டும் “நீங்க இன்னா சொல்றீங்க மேடம்?” என்று கேட்டேன். அவள் என் தோளுக்கு மேலே ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று வாரம் இப்படியே பேசினேன். அந்த மூன்று வாரத்தில் சேலையைப் பற்றி அல்லாமல் நான் அதிகம் பேசியது அவர்களிடம்தான்.

இனிமேல்தான் நான் செய்த காரியத்துக்கு வருகிறேன்.

கட்டுரையோடு போன அந்த விண்ணப்பத்தில் ஒரு கட்டம்: களத்தில் தன்னார்வ அனுபவம், மணிக்கணக்கில். மனசுக்குள் குத்துமதிப்பாகப் போட்டுப் பார்த்தேன், முந்நூறு வந்தது. அறுநூறு என்று எழுதினேன்.

பொய் சொல்கிறோம் என்று அப்போது எனக்குத் தோன்றவே இல்லை. இதை வெளியூர்க்காரர்கள் நம்ப மாட்டார்கள். பன்னிரண்டாயிரத்துக்கு விற்க வேண்டிய சேலைக்கு நாங்கள் இருபத்து நாலு சொல்வோம். வாங்குகிறவர் எட்டு என்பார். பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்ததுபோல் இரண்டு பேரும் கொஞ்ச நேரம் முகத்தை வைத்துக்கொண்டு, பன்னிரண்டில் வந்து நிற்போம். இருபத்து நாலு என்பது விலை இல்லை. பேச்சைத் தொடங்குகிற இடம். கல்லூரிக்காரர்கள் முந்நூறுதானே என்று குறைத்துக் கேட்பார்கள், சரி உங்களுக்காக என்று நானும் ஒத்துக்கொள்வேன் என்றுதான் இருந்தேன்.

சான்றிதழில் கையெழுத்துப் போட வேண்டியவர் ஜெயப்ரியா சிஸ்டர். “எவ்ளோ மணி நேரம்னு போடட்டும்ணா?” என்றார்.

“அறுநூறு.”

இங்கேயாவது குறைப்பார் என்று காத்திருந்தேன். சிஸ்டர் அறுநூறு என்று எழுதி, முத்திரை குத்தி, மையை ஊதிக் கொடுத்தார். “வாரம் தவறாம வர்றீங்க. இருக்கும்” என்றார்.

சொன்ன முதல் விலைக்கே ஒருவர் தலையாட்டினால் எங்கள் கடையில் சந்தோஷப்பட மாட்டோம். ராத்திரி தூக்கம் வராது. எனக்கும் வரவில்லை.

பத்து நாளில் மின்னஞ்சல் வந்தது. நேர்முகத்துக்கு அழைப்பு. கள அனுபவத்துக்கு மட்டும் பத்து மதிப்பெண். ஐந்நூறு மணிக்கு மேல் என்பதால் எனக்குப் பத்துக்குப் பத்து. யாரும் ஒரு மணி நேரம்கூடக் குறைத்துக் கேட்கவில்லை. கடைசி வரியில், அனுபவத்துக்கு ஆதாரமான பதிவேட்டின் நகலைக் கொண்டுவரவும் என்று இருந்தது.

அண்ணனிடம் அழைப்பைக் காட்டினேன். தட்டிக் கொடுத்தான். மறுநாள் வாலாஜாபாத்திலிருந்து ஜெயக்குமார் என்று ஒரு விற்பனையாளனைக் கூட்டி வந்தான். என் பாயில் உட்கார்ந்து என்னைவிட அழகாக முந்தியை விரித்துக் காட்டினான் அவன். முப்பத்து மூன்று வருடம் வளர்ந்த ஆளுக்கு மாற்று ஆள் கிடைக்க ஒரு ராத்திரி போதுமாக இருந்தது. இனி அந்தக் கல்லூரியில் இடம் கிடைக்காவிட்டால் கடையிலும் எனக்கு உட்கார இடமில்லை.

சனிக்கிழமை சிஸ்டரிடம் கேட்டுப் பழைய பதிவேடுகளை எடுத்தேன். அப்பா போன பிறகு நான் வந்த நாட்களை எண்ணினேன். எழுபத்தாறு. ஒரு நாளுக்கு நாலு மணி. முந்நூற்று நாலு.

இரண்டாவது முறை எண்ணும்போதுதான் உறவு என்ற பத்தியைப் பார்த்தேன். எழுபத்தாறு வரியிலும் மகன் என்று எழுதியிருந்தேன். ஐந்து, மகன், ஏழு மணி, பதினொரு மணி. கை பழகிய பழக்கத்துக்கு எழுதிக்கொண்டே போயிருக்கிறது. யாரும் கவனிக்கவில்லை, நானும்தான். அப்பா இருந்த வரிகளும் அப்பா இல்லாத வரிகளும் ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருந்தன.

எனக்குள் இருந்த வியாபாரி உடனே விழித்துக்கொண்டான். பின்னோக்கி, அப்பா காலத்திலிருந்து இன்னும் எழுபத்து நாலு வரி எடுத்தால் நூற்றைம்பது. நூற்றைம்பதை நாலால் பெருக்கினால் அறுநூறு. தைத்து வைத்த சட்டை மாதிரி பொருந்தியது. எந்தக் கடவுளாலும் கண்டுபிடிக்க முடியாது. நூற்றைம்பது வரிகளையும் நகல் எடுத்து உறையில் போட்டேன்.

சென்னைக்கு விடிகாலை ரயிலில் போனேன். வந்திருந்த பிள்ளைகள் எல்லோரோடும் அப்பாவோ அம்மாவோ இருந்தார்கள். வாயிற்காவலர் என்னைப் பார்த்து, “பேரண்ட்ஸ்லாம் அந்த மரத்தடியில உக்காருங்க சார்” என்றார். விளக்கிச் சொல்வதற்குள் இன்னொரு தகப்பனார் நகர்ந்து இடம் கொடுத்து, “உங்க பொண்ணா, பையனா?” என்றார். “நானேதான் சார்” என்றேன். மனிதர் எழுந்தே நின்றுவிட்டார்.

குழு விவாதத்தில் எல்லோரும் எல்லோர் மேலும் ஏறிப் பேசினார்கள். நான் நாலு வாக்கியம் சொன்னேன். அதில் இரண்டு முடிந்தது.

நேர்முக அறையில் மூன்று பேர். நடுவில் இருந்தவர் பேராசிரியை கலைவாணி என்று மேஜைப் பலகை சொன்னது. என் கட்டுரையைப் படித்திருந்தார். கலியனின் அட்டையைப் பற்றி இரண்டு கேள்வி கேட்டார். எந்த மேஜையில் வேலை நின்றது, ஏன் நின்றது என்று சொன்னேன். தலையை ஆட்டினார். பக்கத்தில் இருந்தவர் ஏதோ குறித்துக்கொண்டார். நல்லபடியாகப் போகிறது என்று எனக்குத் தெரிந்தது. வாங்கப் போகிறவர்களின் கண் எனக்குத் தெரியும்.

பிறகு உறையைப் பிரித்தார். புரட்டினார். நிறுத்தினார்.

“மிஸ்டர் பிரேம்நாத், எல்லா வரியிலும் மகன்னு இருக்கே. சொந்த அப்பாவைப் பாத்துக்கிட்டது வாலண்டியர் கணக்குல வராது. அப்படிப் பாத்தா இது மொத்தமும் சைபர்.” கடைசிப் பக்கத்தில் ஒரு வரியில் விரலை வைத்தார். “பிப்ரவரி பதினெட்டு. படுக்கை அஞ்சு. மகன். யாருக்கு மகன்?”

பழக்கதோஷம் மேடம், தப்பாக எழுதிவிட்டேன், எல்லாமே அடுத்தவர்களுக்குத்தான் என்று ஒரு பதில் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. நம்பியிருப்பார்கள். பத்து மதிப்பெண் நின்றிருக்கும். ஆனால் அதைச் சொன்னால் அப்பா எழுபத்து நாலு முறை எனக்கு யாரோ ஒருவர் ஆகிவிடுவார். அப்படி ஒரு விலைக்கு நான் எதையும் விற்றதில்லை.

“அந்தத் தேதிக்கு நான் யாருக்கும் மகன் இல்ல மேடம்” என்றேன்.

நான் பென்சிலை வாங்கி எழுபத்து நாலாம் வரிக்குக் கீழே ஒரு கோடு போட்டேன். “கோட்டுக்கு மேல எங்கப்பா. கீழ இருக்கறது எழுபத்தாறு நாள். முந்நூத்தி நாலு மணி நேரம். அதுதான் நெசம்.”

“அப்புறம் ஏன் அறுநூறுன்னு எழுதினீங்க?”

“நீங்க கொறச்சிக் கேப்பீங்கன்னு.”

ஓரத்தில் இருந்தவர் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார், புரையேறிவிட்டது. கலைவாணி மேடம் சிரிக்கவில்லை. “இங்க யாரும் கொறச்சிக் கேக்க மாட்டோம். சொன்னதை நம்புவோம். நம்ப முடியலன்னா வெளிய அனுப்புவோம். ரெண்டுதான்” என்றார். காகிதத்தில் பத்தை அடித்து ஐந்து என்று எழுதினார். “முந்நூறுக்கு மேல அஞ்சு மார்க். நாலு மணி நேரத்துல தப்பிச்சீங்க. ஒரு வாரத்துல திருத்தின சர்டிபிகேட் வரணும். நோயாளிங்களுக்கு நீங்க உறவு இல்லன்னு அதுல இருக்கணும். கையெழுத்துப் போட்டவங்ககிட்ட ஏன் மாத்துறீங்கன்னு நீங்களே சொல்லுங்க.”

ரயிலில் திரும்பும்போது யாருக்காவது போன் செய்து சொல்லலாம் என்று கைபேசியை எடுத்தேன். எண்கள் எல்லாம் வாடிக்கையாளர்கள். செங்கல்பட்டு வரை மேலும் கீழும் தள்ளிப் பார்த்துவிட்டு உள்ளே வைத்தேன்.

செவ்வாய்க்கிழமை சிஸ்டரிடம் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் திட்டவில்லை, கையில் இருந்த குழாயை மெதுவாக மாட்டிவிட்டு, கையுறையைக் கழற்றிப் போட்டார்.

“நான் எண்ணவே இல்லண்ணா. நீங்க சொன்னீங்கன்னு போட்டேன்.”

“கொறைப்பீங்கன்னு நெனச்சேன் சிஸ்டர்.”

“இது இன்னா பட்டுப் பொடவையா, கொறைக்க?”

பதிவேட்டை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாக விரல் வைத்துத் தானே எண்ணினார். எழுபத்தாறு வந்தது. மறுபடி எண்ணினார். எனக்காக இதுவரை யாரும் அவ்வளவு நேரம் எதையும் எண்ணியதில்லை. வெட்கமாகவும் இருந்தது, எழுந்து போகவும் மனசில்லை. புதுத்தாளில் எழுத ஆரம்பித்தவர் பாதியில் நிமிர்ந்தார்.

“‘இவர் நோயாளிகள் எவருக்கும் உறவினர் அல்லர்.’ இதைக் கண்டிப்பா போடணுமா?”

“போடணும்.”

போட்டார். முத்திரையைக் குத்தினார். தாளைக் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டார்.

“இதைத் தரேன். ஆனா மொதல்ல அறுநூறுக்குப் போட்டேன் பாருங்க, அதுவும் என் கையெழுத்துதான். அது பொய்யாவக் கூடாது. பாக்கியை உக்காந்து தீர்த்துட்டுப் போங்க.”

“எரநூறு சிஸ்டர்?”

“எரநூத்தித் தொண்ணூத்தாறு.”

“சீட்டு கெடச்சிதுன்னா மெட்ராஸ்ல இருக்கணும் சிஸ்டர். எரநூத்தம்பதுன்னு வெச்சிக்கலாம்.”

“சனிக்கெழம லீவுதானே? ட்ரெய்ன் இருக்குதுல்ல?”

ஐந்தாம் படுக்கையிலிருந்து கலியன் கண்ணை மூடியபடியே, “ஒத்துக்க தம்பி, அந்தம்மாகிட்ட எறங்காது” என்றார்.

ஒத்துக்கொண்டேன். இரண்டு வாரத்தில் பட்டியல் வந்தது. இடம் இல்லை, காத்திருப்போர் வரிசையில் மூன்றாம் எண். மேலே இருக்கிற இரண்டு பேர் மனம் மாறினால் எனக்கு இடம், இல்லாவிட்டால் அடுத்த வருடம். அண்ணனிடம் சொன்னேன். “மூணுதானே, வந்துரும்” என்று சொல்லிவிட்டு ஜெயக்குமாரைப் பார்த்து அந்த வாடாமல்லிக் கலரை எடு என்றான்.

அன்று சனிக்கிழமை. காலை ஏழு மணிக்குப் போய்ப் பதினொரு மணி வரை உட்கார்ந்திருந்தேன். விண்ணப்பத்துக்குக் கடைசித் தேதி முடிந்துவிட்டதால் இந்த மணி நேரம் எந்த மதிப்பெண்ணிலும் சேராது. கலியன் மூன்று மணி நேரம் தூங்கினார். மிச்ச நேரம் நெல் விலையைப் பற்றிப் பேசினார். நடுவில் இரண்டு வாரம் உட்கார்ந்தது சீட்டை எதிர்பார்த்து, அதைக் கணக்கில் சேர்க்கவில்லை. வெளியே வந்து பதிவேட்டின் பின்னட்டையில், சிஸ்டர் பார்க்கும்படி, பென்சிலால் எழுதினேன்.

சொன்னது 600. இருந்தது 304. பட்டியல் வந்த பிறகு 4. பாக்கி 292.